எதுவும் நிற்காத மேசை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பெரிய ‘ற’ எங்கே, சின்ன ‘ர’ எங்கே என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். ஆனால் வரிகள் கோணலாகப் போவதற்கு மட்டும் நான் முழுப் பொறுப்பு ஏற்க முடியாது. நான் எழுதிக்கொண்டிருக்கும் மேசை சரிவானது. தாள் என் மடியைப் பார்த்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. இடது கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். மேசையைச் செய்தவனும் நான்தான் என்பதால் யார் மீதும் கோபப்பட முடியவில்லை.

நான் வாய் பேசுகிறவன் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். மனசுக்குள் மட்டும் எல்லாரையும் ஒரு பிடி பிடிப்பேன். என் மனைவிக்கு அது தெரியும். “உள்ளுக்குள்ள இன்னாவோ திட்டிக்கினு கீறீங்க, மூஞ்சப் பாத்தாலே தெரியுது” என்பாள். அதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க ஒரு இடம் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் எதை வைக்கவும் இடம் கிடையாது. அந்தக் கதைதான் இது.

வீடு ஸ்ரீராம்புரத்தில். ஆட்டோ உள்ளே வந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. மேட்டுத் தெருவிலிருந்து கீழே இறங்கும் சந்து என்பதால், ஆட்டோவை நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். வீடு என்பது ஒரே அறை, அதன் மூலையில் சமையல் மேடை, கதவு வைத்த குளியலறை ஒன்று. அதில் நான், மனைவி, செகண்ட் பி.யு.சி. படிக்கும் மகள். தமிழ்நாட்டுக்காரர்கள் பிளஸ் டூ என்று வைத்துக்கொள்ளலாம். நாலாவது ஆள் மனைவியின் தம்பி, என் மச்சான். தங்கவயலிலிருந்து ஒரு இன்டர்வியூவுக்காக ஒரு வாரம் தங்கிப் போக வந்தான். அது போன தீபாவளிக்கு முன்னால். இன்டர்வியூ முடிந்துவிட்டது. வாரம் இன்னும் முடியவில்லை.

மேசை என்ற பொருள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. மகள் படித்தது மாடிப்படியில். மேல் வீட்டுக்காரர்களுக்காக வெளியே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் நடுப்படியில் உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவாள். மேல் வீட்டுக்காரர் இறங்கினால் எழுந்து வழிவிட வேண்டும். அவர் பீடி வாங்கிக்கொண்டு திரும்பினால் மறுபடி எழ வேண்டும். மழை வந்தால் உள்ளே வந்து அரிசி டிரம்மின் மேல் புத்தகத்தை வைப்பாள். சோறு வடிக்கிற நேரம் வந்தால் அந்த டிரம்மையும் திறந்தாக வேண்டும். இப்படி எழுந்தும் உட்கார்ந்தும் படித்ததில், போன வருஷம் கணக்குப் பாடத்தில் மயிரிழையில் தப்பித்தாள்.

ஜூன் மாதம் காலேஜ் திறந்த அன்றே மனைவி சொல்லிவிட்டாள். “இந்த வாட்டி மிட்டெர்ம்ல ஒரு பாடம் போனாலும் நிறுத்திடலாம். பீண்யாவுல கார்மெண்ட்ஸ்க்கு ஆள் எடுக்கறாங்க. என் சித்தி பொண்ணு போய்க்கினுதான கீறா, அவளுக்கு இன்னா கொறஞ்சிபோச்சி?”

சொன்னால் செய்கிறவள். மகளுக்கும் அது தெரியும். அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் என்னிடம் வந்தாள். “ப்பா, எனக்கு ஒரு டேபிள் வேணும். இவ்ளோ இருந்தா போதும்” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அப்படி விரிக்கக்கூட வீட்டில் இடமில்லை. ஒரு கை கதவில் இடித்தது.

கடையில் ஒன்று வாங்கித் தொலைக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பவர்கள் வாங்கித் தரலாம்.

மச்சான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். “மாமா, நீ கவலயே படாத. எல்லாத்துக்கும் வீடியோ கீது” என்றான். அவன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஆனால் அவனுடைய உண்மையான தொழில் வீடியோ பார்ப்பது. பழைய பொருளில் புதிய பொருள் செய்வது எப்படி, சின்ன அறையைப் பெரிய அறையாக்குவது எப்படி என்று யார் யாரோ கத்தரிக்கோலும் பசையுமாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இவன் வாயைத் திறந்தபடி பார்ப்பான். பிறகு வீட்டில் ஏதாவது ஒன்று காணாமல் போகும்.

தண்ணீர் பாட்டில்களைப் பாதியாக வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டினான், கரண்டி போட்டுவைக்க. கரண்டியின் கனத்தில் பாட்டில்கள் இரவோடு இரவாக ஒவ்வொன்றாக இறங்கின, சுவரின் சுண்ணாம்பையும் கையோடு கூட்டிக்கொண்டு. பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி அடுக்கிச் செருப்பு ஸ்டாண்ட் செய்தான். எங்களிடம் இருக்கும் செருப்புகளைவிட அதில் பொந்துகள் அதிகம். மீதிப் பொந்துகளில் ஒரு எலி குடும்பத்தோடு வந்து தங்கியது. அதுவும் ஒரு வாரத்துக்கென்றுதான் வந்திருக்கும்.

அவனுடைய பெரிய சாதனை கதவுக்குப் பின்னால் தொங்கியது. பழைய ஜீன்ஸ் பேண்ட்களின் பாக்கெட்டுகளை வெட்டி ஒரு படுக்கை விரிப்பில் வரிசையாகத் தைத்திருந்தான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சாமான். சீப்பு, டார்ச், மாத்திரை, பூட்டில்லாத சாவிகள். சாமான் சேரச் சேர அது ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி உப்பியது. அன்றிலிருந்து எங்கள் கதவு பாதிதான் திறக்கும். எல்லாரும் பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே போனோம். எதிர்வீட்டு அக்கா உடம்பு கனத்தவர். உள்ளே வர முடியாமல் வாசலோடு திரும்பினார். அந்த ஜீன்ஸ் பேண்ட்டால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

நான் வேலை பார்ப்பது வைட்ஃபீல்டில், வேலி போட்ட ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில். ஹவுஸ்கீப்பிங். கூட்டுவது, துடைப்பது, மேலே இருப்பவர்கள் வேண்டாம் என்றதைக் கீழே கொண்டுபோவது. மகள் மேசை கேட்ட அதே மாதத்தில், அங்கே குடியிருக்கும் ஒரு மேடம் எங்களுக்காக ஒரு வகுப்பு வைத்தார். செலவில்லாமல் வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று. ஒரு சனிக்கிழமை எங்களையெல்லாம் கிளப் ஹவுஸில் உட்காரவைத்து ஆளுக்கொரு சமோசாவும் கொடுத்தார்கள். வழக்கமாக நாங்கள் துடைக்கும் நாற்காலிகளில் அன்றைக்கு எங்களையே உட்காரச் சொன்னதால் பாதிப் பேர் நுனியில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மேடம் நல்லவர். இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பேசினார். எங்கள் சூப்பர்வைசர் அதில் பாதியைக் கன்னடத்தில் சொன்னார். மீதியைப் படம் பார்த்துப் புரிந்துகொண்டோம். ஷூ டப்பாக்களை வெட்டி டிராயருக்குள் வைத்தால் சாக்ஸ் தனி, கைக்குட்டை தனி என்று பிரித்து வைக்கலாமாம். ஆறு மாதமாகத் தொடாத பொருளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஆறு மாதமாகத் தொடாத பொருள் எது என்று யோசித்துப் பார்த்தேன். மச்சானின் பயோடேட்டாதான் நினைவுக்கு வந்தது.

என் பக்கத்தில் எங்களோடு கூட்டுகிற ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கே.ஆர். புரத்துக்கு அந்தப் பக்கம் தகர வீட்டில் இருக்கிறவர். எனக்கு இல்லாத வாய் அவருக்கு இருந்தது. கையைத் தூக்கினார். “மேடம், டிராயருக்குள்ள டப்பா வெக்கச் சொன்னீங்க, ரொம்ப சரி. அந்த டிராயர எதுக்குள்ள வெக்கறதுனு சொல்லலயே?”

மேடம் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேடம் கையைக் குவித்து அக்காவுக்கு வணக்கம் வைத்தார். வெளியே வந்ததும் அக்கா சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் சொன்ன?”

“நீ தேங்க்ஸ் சொன்னேன்னு சொன்னேன்மா.”

அந்தக் கிளப் ஹவுஸில்தான் அந்த மேசையைப் பார்த்தேன். புதிதாக வந்திருந்தது. லாரியில் சாமான் ஏற்றும்போது அடியில் போடுவார்களே, அந்த முரட்டுப் பலகைகளில் செய்தது. ஆணி அடித்த ஓட்டைகளை அப்படியே விட்டிருந்தார்கள். மூலையில் கறுப்பு மையில் அடித்த ஏதோ எண்கூட அழிக்காமல் இருந்தது. பழசு மாதிரி தெரிய வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துச் செய்தார்களாம். அதைத் துடைக்கும்போது சிலாம்பு ஏறாமல் இருக்கத் தனித் துணி கொடுத்தார்கள். என் வீட்டில் அது கிடந்தால் இல்லாமை. அங்கே அதற்கு விளக்கு வேறு போட்டிருந்தார்கள். ஆனால் அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஓட்டைப் பலகையிலும் மேசை வரும்.

குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் பெரிய டி.வி.கள் மரச்சட்டப் பெட்டிகளில் வரும். டி.வி. மேலே போகும், பெட்டி கீழே தரைத்தளத்தில் கிடக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். மெட்ரோ வாசலில் நின்ற காவலர் பெட்டியையும் என்னையும் பார்த்து, “மெட்ரோதல்லி இதெல்லா பிடல்லப்பா”, இதையெல்லாம் உள்ளே விடமாட்டோம் என்றார். பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட்டும் பெட்டிக்கு ஒரு டிக்கெட்டும் கிழித்தார். பெட்டிக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் மெஜஸ்டிக் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

அந்தப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கத்துச் சட்டத்தை மட்டும் அறுத்து எடுத்தேன். கால் நீட்ட இடம் வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மகள் அன்றைக்கே அதில் ஒரு அட்டவணை எழுதி ஒட்டினாள். எந்த நாளில் எந்தப் பாடம் என்று. இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அதற்குள் வரமகாலட்சுமி வந்துவிட்டாள்.

பெங்களூரில் வரமகாலட்சுமி நோன்பு எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலசத்துக்குத் தேங்காய் வைத்து, வெள்ளி முகம் கட்டி, புடவை உடுத்தி, அம்மனை உட்காரவைக்க வேண்டும். தரையில் உட்காரவைக்கக் கூடாது. இத்தனை வருஷம் மனைவி எதிர்வீட்டிலிருந்து ஸ்டூல் இரவல் வாங்குவாள். இந்த வருஷம் வாங்கவில்லை.

“ஒரு வெள்ளிக்கெழமதான. சாமிக்கு இல்லாத மேச இவளுக்கு எதுக்கு?”

வெள்ளிக்கிழமை லட்சுமி ஏறினாள். சனிக்கிழமை கலசத்தை அசைத்து இறக்கிவிட்டார்கள். ஆனால் மேசையின் மேல் கோலம் போட்டாயிற்று, மஞ்சள் பூசியாயிற்று. அதில் இனிமேல் எச்சில் கையோடு பேனா பிடித்து எழுதினால் ஆகாது என்று எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றபடி தீர்ப்புச் சொன்னார். அதுவரை பரணில் இருந்த எல்லாச் சாமி படங்களும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அந்த மேசையில் குடியேறின. அட்டவணையின் மேல் திருப்பதி பெருமாள் நின்றார். மகள் மறுபடி படிக்கட்டுக்குப் போனாள்.

“மாமா, நீ தரையில வெச்சதுதான் தப்பு. செவுத்துல வெக்கணும். மடக்கற டேபிள். வேணும்னா விரிக்கலாம், வேணாம்னா மடிச்சிடலாம். ஜப்பான்ல எல்லாம் இப்படித்தான்” என்றான் மச்சான். ஜப்பான்காரர்கள் வீட்டில் மச்சான்கள் தங்குவார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஒரு பலகையைக் கீல் வைத்துச் சுவரில் பொருத்தினேன். இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுத் தாங்கவைத்தேன். உண்மையைச் சொன்னால் நன்றாகவே வந்தது. மடக்கினால் சுவரோடு சுவராகிவிடும். அந்தப் பலகையில் ஒரே ஒரு குறை. அதன் மேல் எதுவும் இல்லாவிட்டால்தான் அதை மடக்க முடியும்.

முதல் நாள் மனைவி ஒரு டம்ளர் காபியை வைத்தாள். ஆறட்டும் என்று. மறுநாள் உப்பு ஜாடி வந்தது. அப்புறம் மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு, மிக்ஸி. ஒவ்வொன்றும் வரும்போது “கொஞ்ச நேரத்துக்கு” என்றுதான் வந்தது. எங்கள் வீட்டில் கொஞ்ச நேரத்துக்கு என்று வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை. நான் இதைச் சொல்லும்போது யாரை நினைத்துக்கொள்கிறேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் ஜப்பான் எங்கள் சமையல் மூலையின் அலமாரியாகிவிட்டது.

மகள் அழவில்லை. “ப்பா, மிட்டெர்முக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கார்மெண்ட்ஸ் பேச்சை மறுபடி எடுத்தாள். சித்தி மகள் அங்கே சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

மூன்றாவது மேசைக்கு நல்ல சரக்கு கிடைத்தது. குடியிருப்பில் ஒரு வீட்டில் கட்டிலை மாற்றினார்கள். அதன் தலைமாட்டுப் பலகை, மேலே பளபளப்பான சன்மைக்கா ஒட்டியது, கண்ணாடி மாதிரி வழுக்கும். கால்களுக்கு டி.வி. பெட்டிச் சட்டங்கள். இந்த முறை நாலு காலும் அளந்து அறுத்த முறையான மேசை செய்வதென்று முடிவு செய்தேன். உள்ளே இடமில்லாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தில் போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

சந்தில் ஒருவன் சுத்தியலை எடுத்தால் போதும், வீட்டுக்கு ஒருவர் மேஸ்திரியாகிவிடுவார்கள். மேல் வீட்டுக்காரர் பீடியோடு படியில் உட்கார்ந்துகொண்டு ஆணியைச் சாய்த்து அடிக்கச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா நேராக அடிக்கச் சொன்னார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு என் போக்கில் அடித்தேன். நாலு கால்களையும் ஒரே அளவாக அறுத்திருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான வேலை அதுதான். அதைத்தான் எல்லாரும் சேர்ந்து திருத்தினோம்.

மேசையை நிமிர்த்தி நிறுத்தியதும் மச்சான் தன் போனை எடுத்துப் பலகையின் மேல் வைத்தான். அதில் ரசமட்டம் மாதிரி ஒன்று இருக்கிறதாம். “மாமா! ஏழு டிகிரி கோணல்!” என்று கத்தினான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படிப்பு உபயோகப்பட்ட சந்தோஷம் முகத்தில்.

எதிர்வீட்டு அக்காவுக்கு போன் மேல் நம்பிக்கை இல்லை. ஒரு தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. “பாத்தியாண்ணா, நான் அப்பவே சொன்னேன். ஒன் கண்ணு அளவே சரியில்ல.”

“அறுங்க, அந்தப் பக்கத்துக் கால அறுங்க” என்றார் மேல் வீட்டுக்காரர்.

அறுத்தேன். கொஞ்சம் அறுத்து, நிறுத்திப் பார்த்து, மறுபடி அறுத்தேன். ஒவ்வொரு முறையும் மச்சான் போனைப் பார்த்து டிகிரியை உரக்கச் சொன்னான், ஏலம் விடுகிற மாதிரி. கடைசியில் “ஜீரோ!” என்றான். அக்காவின் தட்டில் தண்ணீர் ஆடாமல் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

மேசையை உள்ளே தூக்கிப்போய் வைத்தோம். வைத்த இடம் கதவுக்குப் பின்னால். ஜீன்ஸ் பாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு. கதவு ஏற்கெனவே பாதிதான் திறந்ததால் அந்த மீதிப் பாதியை யாரும் தேடவில்லை. மகள் தன் பேனாவைப் பலகை மேல் வைத்தாள். அது உருண்டு வந்து தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். “ஏங்க, சந்தே சரிவுதானங்க?”

ஆமாம். ஆட்டோவுக்குக் கல் வைக்கிற சந்து. அதன் மேட்டுப் பக்கத்துக் கால்களை வெட்டிக் குட்டையாக்கி, சந்துக்குப் பொருத்தமாக ஒரு மேசை செய்திருந்தேன். எங்கள் சந்தில் வைத்தால் மட்டும் அது சமமாக நிற்கும். இருபது வருஷமாக அதில் ஏறி இறங்குகிற எங்களில் ஒருவருக்குக்கூட அது சரிவு என்று தோன்றவில்லை. எங்களுக்கு அதுதான் தரை. வீட்டின் தரைதான் அன்றைக்குக் கோணலாகத் தெரிந்தது.

“போன் சரியாத்தான் சொல்லிச்சி” என்றான் மச்சான்.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. கதவு வழியாக எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். “ஏண்ணா, பார்க்குல வெக்கற சறுக்குமரம் செஞ்சியா?” என்றார் எதிர்வீட்டு அக்கா. காலையில் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தது வேறு யாரோ போல. மனைவிக்கு மானம் போய்விட்டது. அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் குட்டைக் கால்களுக்கு அடியில் சொருகினாள். மேசை சமமானது.

சமமான மறுநிமிஷம் அதன் மேல் மச்சானின் ஹெல்மெட் வந்து உட்கார்ந்தது. அப்புறம் அவன் டெலிவரி பை. பிளக் பாயின்ட் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் அன்று இரவே ஜப்பானிலிருந்து மிக்ஸியும் இடம் மாறியது. மகள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள், மிக்ஸியைப் பார்த்தாள், கீழே அட்டைகளைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மனைவி தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டாள். அடியில் ரப்பர் தேய்ந்துபோன பழைய மிக்ஸி. போட்டதும் அது மெல்ல நகர ஆரம்பித்தது. சன்மைக்கா மேல் ஒரு அடி, இரண்டு அடி என்று நடை பழகுகிற குழந்தை மாதிரி விளிம்பைப் பார்த்து இறங்கியது. மனைவி “ஐயோ ஐயோ” என்று இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தாள். மிக்ஸி பிழைத்தது. மூடி பிழைக்கவில்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மச்சானின் தலையிலும் போனிலும் சட்னி. சட்னிக்குப் பின்னாலேயே ஹெல்மெட்டும் உருண்டு வந்து விழுந்தது. தலையில் இருக்க வேண்டிய பொருள்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

“அட்டய எவ எடுத்தா?” என்று மனைவி கத்தினாள்.

“இன்னா அட்டைமா?” என்றாள் மகள், தலைமுடியைப் பின்னிக்கொண்டே.

அவள் பையின் ஓரத்தில் மடித்த அட்டையின் நுனி தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பேசாமல் இருந்தது என் சுபாவம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மனைவி மிக்ஸியைத் தூக்கிக்கொண்டுபோய் பழைய இடத்தில் வைத்தாள். “ஒரு பொருள் நிக்காத மேச ஒரு மேசயா? யாருக்கும் ஒதவாது. அவளே வெச்சிக்கினு படிக்கட்டும்” என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. அன்றிலிருந்து அந்த மேசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி எப்போதாவது பழக்கதோஷத்தில் ஒரு டம்ளரைக் கொண்டுபோவாள், நினைவு வந்து திரும்பிவிடுவாள். மகள் குட்டைப் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். துணி உலர்த்தும் கிளிப் நாலை மேல் விளிம்பில் மாட்டி, நோட்டை அதில் தொங்கவிட்டு எழுதினாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள், ஆசாரி மாதிரி. யார் ஏறினாலும் இறங்கினாலும் அவள் எழ வேண்டியதில்லை.

மிட்டெர்ம் தசரா லீவுக்கு முன்னால் முடிந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். முதல் மார்க் எல்லாம் இல்லை. கணக்கில் வாத்தியார் ‘இன்னும் முயற்சி தேவை’ என்றுதான் எழுதியிருந்தாராம். ஆனால் பாஸ். மனைவி அந்த மார்க்கைக் கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினாள். சித்தி மகள் போன் செய்தபோது “இப்ப இல்ல, படிச்சிக்கினு கீறா” என்று சொல்வது என் காதில் விழுந்தது. மச்சான் மட்டும் தன் போனை உயர்த்திக் காட்டினான். “இன்னா மாமா, நம்ம டிகிரி வேல செஞ்சிச்சா இல்லியா?” இந்த வீட்டுக்கு வர இருக்கும் முதல் டிகிரியில் பங்கு கேட்டு இப்போதே துண்டு போடுகிறான்.

இன்றைக்கு ஆயுத பூஜை. காலையிலேயே என் ரம்பத்துக்கும் சுத்தியலுக்கும் குங்குமம் வைத்தாயிற்று. சந்தில் ஆட்டோக்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். மச்சான் தன் போனுக்கும் சந்தனம் வைத்தான். அது கேமராவை மூடிவிட்டதால் அரை மணி நேரம் வீட்டில் நிம்மதி. மனைவி பழைய ஞாபகத்தில் குத்துவிளக்கை இந்த மேசைக்குக் கொண்டுவந்தாள். எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், மேசையைத் திட்டிக்கொண்டே லட்சுமியிடம் கொண்டுபோனாள். மகளின் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் சாமி முன்னால் அடுக்கி இருக்கின்றன. இன்றைக்குப் படிக்கவோ எழுதவோ கூடாது என்பது விதி. அதனால்தான் மேசை எனக்குக் கிடைத்தது. அந்த விதி படிக்கிறவர்களுக்குத்தானே. ஐந்தாம் வகுப்போடு நின்றவனைச் சரஸ்வதி கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாள் என்ற தைரியத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டாள். “ப்பா, இன்னும் எவ்ளோ இருக்கு?”

“ஆயிடுச்சிமா.”

“காலையில புக்க எடுத்துடுவேன். எடம் வேணும். நீ பாட்டுக்கு பேப்பரெல்லாம் இங்கயே வெச்சிட்டுப் போயிடாத.”

வைத்தாலும் நிற்காது என்று சொன்னேன். சிரித்தாள். தாள்களை என்னோடு எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

ஸ்ரீராம்புரம், ஆயுத பூஜை நாள், மத்தியானம்.